வரி குறைந்த அன்று என் கடையில் பில் வரவில்லை: விண்டோஸ் 7 வைத்திருந்ததால் பட்ட பாடு

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்த கடை. பி.பார்ம் முடித்ததிலிருந்து நான்தான் கவுன்டரில் நிற்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. வாங்குகிறவர்களுக்கு நல்ல செய்தி, எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் அந்த வாரம் முழுக்க என் கடையில் ஒழுங்காக ஒரு பில் போட முடியவில்லை. காரணம் வரி அல்ல. பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனி வரி மாற்றத்துக்காக அனுப்பிய அப்டேட்டிலேயே, விண்டோஸ் 7-ல் ஓடுவதையும் சொல்லாமல் நிறுத்தியிருந்தது. யாராவது ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் பாதிப் பணமும் மொத்தத் தூக்கமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். மெடிக்கல் என்று இல்லை, மளிகை, ஜவுளி, லேப், பிரஸ் என்று பழைய கம்ப்யூட்டரில் தொழில் நடத்துகிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் என் கடையின் அப்போதைய அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் மூன்று கம்ப்யூட்டர். உள்ளறையில் இருப்பது விண்டோஸ் 10. டேட்டா எல்லாம் அதில்தான். கவுன்டரில் இரண்டு, இரண்டுமே விண்டோஸ் 7. அவற்றுக்கு இன்டர்நெட் கிடையாது, உள்ளறை கம்ப்யூட்டரோடு ஒரு வயர் தொடர்பு மட்டும். வைரஸ் பயத்தில் நான் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், பின்னால் பழைய அகலமான பேரலல் போர்ட்டில் மாட்டியிருக்கும். இந்த இரண்டு பெட்டியும் ஒரு நாள் கூடக் காலை வாரியதில்லை. மருந்துப் பெயரில் மூன்று எழுத்து, என்டர், பேட்ச் நம்பர், என்டர், அளவு, என்டர். கடைப் பையன் திரையைப் பார்க்காமலே ஆளிடம் பேசிக்கொண்டு பில் போடுவான். நன்றாக ஓடுகிற ஒன்றை எதற்கு மாற்ற வேண்டும் என்பதுதான் என் எண்ணம், இன்றைக்கும் அதுதான்.

செப்டம்பர் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் அறிவித்தது, 22-ல் அமல். நடுவில் இருந்தது மூன்று வாரம் கூட இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கும் அது நெருக்கடிதான், அதை மறுக்கவில்லை. எங்கள் கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, 22-க்கு முன் புதிய பதிப்புக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் பழைய வரி விகிதத்தில் பில் விழும் என்றது. விண்டோஸ் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு எத்தனையோ முறை மேலும் கீழும் படித்துப் பார்த்துவிட்டேன்.

21-ம் தேதி ஞாயிறு, மகாளய அமாவாசை. காவிரிக் கரையிலும் குளத்தங்கரையிலும் நல்ல கூட்டம், கடையிலும் மதியம் வரை ஆள். சாயங்காலம் சீக்கிரம் ஷட்டரை இறக்கிவிட்டு அப்டேட்டுக்கு உட்கார்ந்தேன். பென் டிரைவில் பேக்கப் எடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். உள்ளறை கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு ஓடி முடிந்து, வெற்றிகரமாக நிறைவடைந்தது என்று வந்தது. அப்பாடா என்று கவுன்டருக்கு வந்து முதல் கம்ப்யூட்டரைத் திறந்தால், பதிப்பு பொருந்தவில்லை, புதுப்பிக்கிறேன் என்று தானாகவே உள்ளறையிலிருந்து புது புரோகிராமை இழுத்துக்கொண்டது. பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தது. அப்புறம் திறக்கவே இல்லை. ஒரு சின்னப் பெட்டி, சிவப்புப் பெருக்கல் குறி, கெட்-சிஸ்டம்-டைம்-பிரிசைஸ் என்று தொடங்கி நீளமாக ஒரு பெயர், அது கெர்னல்32.டிஎல்எல்-லில் கிடைக்கவில்லை என்றது. ஓகே அழுத்தினால் மறைந்தது, மறுபடி திறந்தால் மறுபடி அதே பெட்டி. பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் அதேதான்.

அந்தப் பெட்டிக்கு என்ன அர்த்தம் என்று பிறகு ஒரு புரோகிராமர் தம்பி விளக்கினான். நேரத்தை மிக நுணுக்கமாகக் கேட்டு வாங்கும் வசதி ஒன்று விண்டோஸ் 8-ல்தான் வந்ததாம். புது புரோகிராம் அதைத் தேடுகிறது, விண்டோஸ் 7-ல் அது இல்லை, அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் திரையில் கெர்னல்32 என்ற பெயரோடு இப்படி ஒரு பெட்டி வந்தால் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யச் சொல்கிறவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. அனேகமாக அந்தப் புரோகிராம் உங்கள் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டதல்ல, அவ்வளவுதான். எனக்கு அன்று ராத்திரி வந்த மெக்கானிக், விண்டோஸைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்று 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டார். சரியாகவில்லை.

சரி, பேக்கப்தான் இருக்கிறதே, பழைய நிலைக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. அப்டேட் உள்ளறை கம்ப்யூட்டரில் டேட்டாவைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் 2014-ஐ எடுத்துவிட்டு 2019-ஐப் போட்டிருந்தது. புதிய பதிப்பில் ஒரு முறை ஏறிய டேட்டாவைப் பழைய பதிப்பு திறக்காது. அது அந்த டேட்டாபேஸின் விதி, யாராலும் மாற்ற முடியாது. நான் பென் டிரைவில் வைத்திருந்த பேக்கப் பழைய வடிவில் இருந்தது, அதைத் திறக்கப் பழைய பில்லிங் புரோகிராம் வேண்டும். கம்பெனியில் அதன் செட்டப்பைக் கேட்டால், "மேடம், பழசை சர்வர்ல இருந்து எடுத்துட்டோம், இப்ப புதுசு மட்டும்தான்" என்றார்கள். கையில் டேட்டா இருக்கிறது, அதைத் திறக்கிற சாவி என்னிடம் இல்லை. நான் வருடா வருடம் பணம் கட்டி வாங்கிய சாவி அது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். டேட்டாவை மட்டும் பேக்கப் எடுத்தால் போதாது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் செட்டப் ஃபைல், லைசன்ஸ் எண், அது இயங்கத் தேவையான டேட்டாபேஸின் செட்டப், மூன்றையும் ஒரே பென் டிரைவில் வையுங்கள். சர்வீஸுக்கு வருகிற பையன்களிடம் கேட்டால் கொடுப்பார்கள். அப்டேட் போடுவதற்கு முன் கம்பெனியிடம், இது டேட்டாவின் அமைப்பை மாற்றுமா, மாற்றினால் திரும்பி வர வழி உண்டா என்ற கேள்வியைக் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால், கடை மூடியிருக்கும் நாட்கள் கைவசம் இருக்கும்போது மட்டும் கை வையுங்கள்.

திங்கட்கிழமை காலை உள்ளறை கம்ப்யூட்டரைத் தூக்கி முன்னால் வைத்தோம். மூன்றில் ஒன்றுதான் ஓடுகிறது, வரிசை தெரு வரை. நவராத்திரி முதல் நாள், பக்கத்துக் கடைகளில் கொலு பொம்மை வாங்க வந்த கூட்டம் வேறு. நெருக்கடியைச் சமாளிக்க கார்பன் வைத்த கைபில் புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் திருப்பிப் பார்த்து பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி எழுத வேண்டும். மேலே அச்சடித்த எம்ஆர்பி பழைய வரியோடு சேர்ந்தது. 12 சதவீதத்தில் இருந்த மருந்து என்றால் எம்ஆர்பியை 112-ஆல் வகுத்து 105-ஆல் பெருக்க வேண்டும், 112 ரூபாய் அட்டை 105 ஆகும். ஆனால் இன்சுலின் ஏற்கெனவே 5 சதவீதம், அதில் குறைப்பு இல்லை. சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே கிடையாது என்றாகிவிட்டது. சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப்புக்கு 12-லிருந்து 5. எது எதில் இருந்தது என்பது என் தலையில் பாதி, சாஃப்ட்வேரில் பாதி. ஒரு பெரியவர், "ஏம்மா, டிவில கொறைச்சுட்டாங்கன்னு சொன்னான், நீ கால்குலேட்டரத் தட்டிக்கிட்டே இருக்கியே" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் நான் ஏமாற்றுகிறேனோ என்ற சந்தேகம் அந்தக் குரலில் இருந்தது. இத்தனை வருடம் இந்தக் கவுன்டரில் நின்று சம்பாதித்தது அந்த நம்பிக்கையைத்தான். அன்று மத்தியானம் உள்ளறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஷெட்யூல் எச்1 என்ற பட்டியலில் உள்ள, டாக்டர் சீட்டு இருந்தால்தான் தரக்கூடிய மருந்துகளுக்கு நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் இருக்க வேண்டும், மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் அதைத் தானாகவே பதிந்துகொண்டிருந்தது. அந்த வாரம் அதையும் நோட்டில் எழுதினேன். டிரக் இன்ஸ்பெக்டர் வந்து பழைய பதிவைக் கேட்டால் எதைத் திறந்து காட்டுவது என்ற பயம் வேறு. இப்போது மாதம் முடிந்ததும் எச்1 பதிவேடு, விற்பனை, கொள்முதல், ஸ்டாக் நான்கையும் பிடிஎஃப், எக்செல் இரண்டிலும் எடுத்து வைத்துவிடுகிறேன். எந்தக் கம்பெனி எந்தப் பதிப்பை நிறுத்தினாலும் அவை திறக்கும். காட்ட வேண்டிய கணக்கு நம் கையில், நாம் படிக்கிற வடிவில் இருக்க வேண்டும்.

சப்போர்ட்டுக்கு ஃபோன் போட்டால் அந்த வாரம் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை, நாடு முழுக்க எல்லாக் கடையும் கூப்பிட்டிருக்கும். கடைசியில் பேசியவர் அமைதியாகத்தான் சொன்னார். "மேடம், மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் 7-ஐ 2020-ல் விட்டுட்டாங்க. நாங்க எவ்வளவு நாள் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியும்?"

நியாயமான கேள்வி. அதனால் அதைப் பற்றி நிறைய யோசித்தேன், விசாரிக்கவும் செய்தேன். விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபர், பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றது 2020 ஜனவரி 14. காசு கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் 2023 ஜனவரி வரை வந்தது. எஸ்க்யூஎல் சர்வரில் விண்டோஸ் 7-ல் ஏறுகிற கடைசிப் பதிப்பு 2014, அதற்கும் 2024 ஜூலை 9-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. புரோகிராமர் தம்பியும் இதையேதான் சொன்னான். "அக்கா, கீழ இருக்கிற ஒவ்வொரு கருவியும் பழைய விண்டோஸை விட்டுட்டே போகுது. பைதான்னு ஒரு புரோகிராமிங் மொழி, அதுல 3.8-க்கு மேல விண்டோஸ் 7-ல ஏறாது. பத்துப் பேர் இருக்கிற கம்பெனி எதையெல்லாம் டெஸ்ட் பண்ணும்?" எனக்குப் புரிகிறது. பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் நோயாளிகளின் பெயரும் ஃபோன் நம்பரும் கிடப்பது ஆபத்து என்பதும் புரிகிறது. விண்டோஸ் 7-ஐ என்றென்றைக்கும் தாங்கு என்று நான் கேட்கவில்லை.

ஆனால் 2020-ல் அது முடிந்துவிட்டது என்றால் 2021 ஜனவரியில் என்னிடம் ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம், வாங்கியபோது சொல்லியிருக்க வேண்டும். 2022, 2023, 2024, 2025, ஒவ்வொரு ஜனவரியிலும் வாங்கினார்கள். அவர்களுடைய ஆட்களே வந்து அந்த விண்டோஸ் 7 திரையின் முன் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். என் கடையில் என்ன ஓடுகிறது என்று தங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொல்ல வழியே இல்லை. ஒரு வருடத்துக்குக் காசு வாங்கினால், அந்த வருடம் முடியும்வரை அது ஓடுகிற கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். நிறுத்துகிறீர்களா, அடுத்த ஏஎம்சிக்கு முன் எழுத்தில் சொல்லுங்கள், நான் ஏற்பாடு செய்துகொள்கிறேன். எத்தனை வருடம் தாங்க வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: விற்கும்போதே ஒரு தேதி, நிறுத்துவதற்கு முன் ஒரு முழு வருட அவகாசம்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொன்று. வரி மாற்றத்துக்கான அப்டேட் என்பது நான் தள்ளிப்போடக்கூடியது அல்ல, அரசாங்கம் நாள் குறித்தது. அதே அப்டேட்டில் டேட்டாபேஸ் மாற்றத்தையும் விண்டோஸ் நிறுத்தத்தையும் சேர்த்துக் கட்டியதுதான் பெரிய அநியாயம். பழைய பதிப்பில் வரி அட்டவணையை மட்டும் மாற்றும் சின்ன அப்டேட் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பெரிய மாற்றத்தை இரண்டு மாதம் கழித்து வைத்திருக்கலாம். இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். குரோம் பிரவுசர் விண்டோஸ் 7-ஐ விட்டது 2023 பிப்ரவரியில், 110-ம் பதிப்பில். மைக்ரோசாஃப்ட் நிறுத்தி மூன்று வருடம் கழித்து, அதுவும் மாதக் கணக்கில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு. ஃபயர்ஃபாக்ஸ் 115 என்ற பதிப்பைத் தனியாக வைத்து, புது வசதி எதுவும் சேர்க்காமல் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கொடுத்து, கெடுவைப் பலமுறை நீட்டித்தது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் பரவியபோது, 2014-லேயே முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட்டே ஒரு திருத்தம் வெளியிட்டது. புதியதைச் சேர்ப்பது வேறு, இருப்பதை ஓட வைப்பது வேறு. இரண்டாவதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். குறைந்தபட்சம் அந்த இன்ஸ்டாலர், கவுன்டரில் என்ன விண்டோஸ் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு டேட்டாவில் கை வைத்திருக்கலாம். சின்னதாக ஒரு நிரல் போதும் அதற்கு.

சரி, செலவுக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் கடையில் 11,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் பெட்டி, விண்டோஸ் 10 போட்டது, எடுத்துக்கோங்க அக்கா என்றார்கள். அப்போது செப்டம்பர் கடைசி. விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஓடு கெடு முடிகிறது என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தப் பெட்டி இன்டெல் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஐ5 என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஐ5-க்குப் பின்னால் வரும் எண் 8, 9, 10 என்றோ அதற்கு மேலாகவோ தொடங்குகிறதா என்று பாருங்கள். எட்டாம் தலைமுறைப் பெட்டி இரண்டு, ஒன்று 18,500 வீதம் 37,000 ஆனது. சாஃப்ட்வேரைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர கம்பெனிக்கு ஜிஎஸ்டி சேர்த்து 4,130. கைபில்லை எல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு பெண்ணை வைத்தேன், 4,000. மெக்கானிக்குக் கொடுத்த 800. பிரின்டருக்குத் தனிக் கதை. புதுப் பெட்டியில் பேரலல் போர்ட் இல்லை. யுஎஸ்பி மாற்றி வயர் வாங்கினால் பிரின்டர் பாதி வரியில் நின்றது. கடைசியில் உள்ளே பொருத்துகிற பேரலல் கார்டு 1,100 ரூபாய்க்கு வாங்கிப் போட்டதும் பழையபடி ஓடியது. புது யுஎஸ்பி பிரின்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பழைய சாஃப்ட்வேர் எல்பிடி1 என்ற பேரலல் போர்ட்டுக்குத்தான் அச்சடிப்பேன் என்று அடம்பிடித்தால், பிரின்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அதற்குத் திருப்பிவிடலாம். சர்வீஸ் ஆளுக்குத் தெரியும், நீங்கள் கேட்க வேண்டும். கையிலிருந்து போனது மொத்தம் 47,000 ரூபாய் பக்கம். வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களின் வியாபாரத்தை எழுதி வைக்கவில்லை.

உள்ளறை கம்ப்யூட்டர் ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கு நீட்டிப்பு இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை, 30 டாலர் கட்டியோ, மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை இணைத்து இலவசமாகவோ பெறலாம். தொழில் நிறுவனங்களுக்கு முதல் வருடம் கம்ப்யூட்டருக்கு 61 டாலர், ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு, மூன்று வருடம் வரை. கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று வருடக் கட்டணத்துக்குப் புதுப் பெட்டியே வந்துவிடும். அதனால் நான் அதையும் மாற்றப் பணம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வின்வெர் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், பதிப்பைக் காட்டும்.

இந்த ஜனவரியில் ஏஎம்சி பில் வந்தபோது காசு அனுப்புவதற்கு முன் அவர்களுக்கு நான்கு கேள்வி அனுப்பினேன். எந்த எந்த விண்டோஸில் இந்த வருடம் முழுவதும் ஓடும்? விண்டோஸ் 10-ல் எந்தத் தேதி வரை? வரி மாற்றத்துக்கான அப்டேட்டைத் தனியாகத் தருவீர்களா? பழைய பதிப்பின் செட்டப் எனக்குக் கிடைக்குமா? முதலில் பதில் வரவில்லை, நானும் காசு அனுப்பவில்லை. பிறகு மேனேஜரே கூப்பிட்டார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். விண்டோஸ் 10-ல் இந்த ஒப்பந்தக் காலம் முழுவதும் ஓடும் என்றும், செட்டப் ஃபைல் தருவதாகவும் மெயில் வந்தது. வரி அப்டேட்டைத் தனியாகத் தருவது பற்றி ஆலோசிக்கிறோம் என்று மட்டும் இருந்தது. எங்கள் ஊர் மெடிக்கல் கடைக்காரர்கள் குழுவில் அந்தக் கேள்விகளை அப்படியே போட்டிருக்கிறேன். அதே சாஃப்ட்வேர் வைத்திருக்கும் மற்றவர்களும் இப்போது கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்.